தோரோவின் கணக்கைத் தணிக்கை செய்தபோது

அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் பேச்சை எடுத்தால் போதும், கூட்டத்தில் யாராவது ஒருவர் துணி துவைத்த கதையைக் கொண்டுவந்துவிடுவார். "காட்டில் தனியாக வாழ்ந்தேன் என்று புத்தகமே எழுதினாரே, அவருடைய துணியை வீட்டில் அம்மாதான் துவைத்துக் கொடுத்தாராம், தெரியுமா?" சொல்பவர் முகத்தில் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த களை. கேட்பவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. இனி 'வால்டன்' படிக்கவேண்டிய கடன் தீர்ந்தது, அதில் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு நாம் பதில் சொல்லவேண்டியதில்லை என்ற நிம்மதி.

சில வருடங்களாக ஒரு சிறிய வாசிப்புக் குழுவை நடத்திவருகிறேன். இயற்கையையும் எளிய வாழ்க்கையையும் பற்றிய பழைய நூல்கள்தான் எங்கள் பாடம். இந்தவகை நூல்களுக்கு வாசகர்கள் தரும் எதிர்வினை பெரும்பாலும் இரண்டே தினுசு. ஒன்று, கும்பிடுவது: வரிகளை அடிக்கோடிட்டு, சுவரில் ஒட்டி, அடுத்த மாதமே வேலையை விடப்போவதாக அறிவிப்பது. மற்றொன்று, ஆளைக் கூண்டில் ஏற்றுவது. இரண்டிலும் புத்தகம் அப்படியே கிடக்கும். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது என்பதை எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்தான் காட்டிக்கொடுத்தார். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் ஊருக்கு வெளியே, வால்டன் குளக்கரையில் தானே கட்டிய ஒற்றை அறை வீட்டில் குடியேறினார். அகலம் 10 அடி, நீளம் 15 அடி. நிலம் நண்பர் எமர்சனுடையது. 1847 செப்டம்பர் 6 அன்று அங்கிருந்து கிளம்பிவிட்டார். புத்தகம் 1854 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. இடைப்பட்ட வருடங்களில் ஏழு முறை திருத்தி எழுதினார். ஆயுளெல்லாம் காட்டிலேயே இருந்தவர் என்று நினைத்துக்கொண்டு குழுவுக்கு வந்தவர்கள் பலர். அங்கே இருந்தது இரண்டு வருடங்களும் இரண்டு மாதங்களும் சொச்சமும் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு ஏமாற்றம், மீதிப் பேருக்கு உற்சாகம். உற்சாகப்பட்டவர்களோடு படிப்பது சுலபம்.

முதல் அத்தியாயம்தான் புத்தகத்திலேயே நீளமானது. பெயரே 'பொருளாதாரம்'. பறவையும் குளமும் வரும் என்று ஆசையாகப் புரட்டுகிறவர், உடை, வீடு, கடன், தானதர்மம் என்று நீளும் வாதத்தில் மாட்டிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார். அதனால் நாங்கள் வரிசையாகப் படிப்பதில்லை. அந்த அத்தியாயத்தின் நடுவில் இருக்கும் வரவு செலவுப் பட்டியலைத் தனியாகப் பிரதி எடுத்து, முதல் சந்திப்பில் ஆளுக்கு ஒரு தாளாகக் கொடுத்துவிடுகிறோம். கூடவே ஒரு பென்சில். இலக்கியம் படிக்க வந்தவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு சூடுபிடித்துவிடும்.

பட்டியல் அப்படிப்பட்டது. வீடு கட்டிய செலவை அவர் பைசா விடாமல் எழுதியிருக்கிறார். பலகை 8 டாலர் 3½ சென்ட். பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர். கண்ணாடியோடு இரண்டு பழைய ஜன்னல்கள் 2 டாலர் 43 சென்ட். சுண்ணாம்பு இரண்டு பீப்பாய் 2 டாலர் 40 சென்ட், பக்கத்திலேயே 'இது அதிகம்' என்று ஒரு முணுமுணுப்பு. ஆணி 3 டாலர் 90 சென்ட். தாழ்ப்பாள் 10 சென்ட். சுண்ணக்கட்டி 1 சென்ட். ஏற்றுகூலி 1 டாலர் 40 சென்ட், 'பெரும்பகுதியை என் முதுகில்தான் சுமந்தேன்' என்ற குறிப்போடு. இன்னும் சில உருப்படிகளையும் சேர்த்து ஆக மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். ஒரு சென்ட் சுண்ணக்கட்டியையும் விடாமல் எழுதிய மனிதர் ஏமாற்றுக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. அப்படி எழுதுகிறவர் ஏமாற்ற வாய்ப்பே இல்லை என்பது எதிர்க்கட்சி.

கணக்காளர் அம்மா இரண்டிலும் சேரவில்லை. கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த பட்டியலுக்குப் போனார். வீடு 28 டாலர் 12½ சென்ட், ஒரு வருட விவசாயம் 14 டாலர் 72½ சென்ட், எட்டு மாத உணவு 8 டாலர் 74 சென்ட், எட்டு மாதத் துணிமணி முதலியன 8 டாலர் 40¾ சென்ட், எட்டு மாத எண்ணெய் முதலியன 2 டாலர். மொத்தம் 61 டாலர் 99¾ சென்ட். வரவுப் பக்கம், விளைச்சலை விற்றது 23 டாலர் 44 சென்ட், கூலி வேலையில் சம்பாதித்தது 13 டாலர் 34 சென்ட்.

"இதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்" என்றார்.

"பொய்க் கணக்கா அம்மா?" என்று ஆவலோடு கேட்டார் பக்கத்தில் இருந்த இளைஞர். துவைத்த கதைக் கட்சியைச் சேர்ந்தவர்.

"பொய் இல்லை தம்பி. கலப்படம். பாருங்கள், விவசாயம் ஒரு வருடத்துக்கு, சாப்பாடு எட்டு மாதத்துக்கு, வீடு ஒரே தடவைச் செலவு. மூன்றையும் ஒரே கூட்டலில் போட்டிருக்கிறார். வீட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதை ஒரு வருடத்துக்கு மாற்றினால்தான் இந்த மனிதரால் அங்கே வாழ முடிந்ததா என்பது தெரியும்."

மாற்றினார். எட்டு மாதத்தைப் பன்னிரண்டாக்க ஒன்றரையால் பெருக்கவேண்டும். உணவு 13 டாலர் 11 சென்ட், துணிமணி 12 டாலர் 61 சென்ட் சொச்சம், எண்ணெய் 3 டாலர். விவசாயச் செலவைச் சேர்த்தால் 43 டாலர் 44½ சென்டுக்குச் சற்று மேல். வரவில் கூலி வேலையும் அந்த எட்டு மாதங்களில் கிடைத்தது என்று கொண்டால் வருடத்துக்கு 20 டாலர் 1 சென்ட். விளைச்சலோடு சேர்த்து 43 டாலர் 45 சென்ட்.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வரவும் செலவும் அரை சென்டுகூட வித்தியாசமில்லாமல் பொருந்திவிட்டன. தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும், முதல் வீட்டுச் செலவுக்குக் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதன்பிறகு வாழ்க்கை தன்னைத்தானே தாங்கிக்கொண்டது என்று அவர் சொல்வது, அவர் கணக்குப்படியே உண்மைதான்.

"ஆனால்" என்று அந்த அம்மா பென்சில் முனையை இன்னொரு வரியில் வைத்தார். மொத்தத்தைச் சொல்லும் இடத்தில் தோரோ ஒரு விலக்குச் சேர்த்திருக்கிறார்: துணி துவைத்த செலவும் கிழிசல் தைத்த செலவும் இதில் அடங்கவில்லை, அவை பெரும்பாலும் வெளியே நடந்தன, அவற்றுக்கான பில் இன்னும் வந்துசேரவில்லை.

ஆக, துவைத்த கதையை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. அவரே எழுதி வைத்திருக்கிறார். யார் துவைத்தார் என்பதை மட்டும் சொல்லாமல், வேடிக்கையாக ஒரு வரியைப் போட்டு நழுவியிருக்கிறார். அந்த பில் ஒரு சென்டுக்கு வந்திருந்தாலும் வருடக் கணக்கு பற்றாக்குறையில் விழுந்திருக்கும். இளைஞருக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு வேறொன்று தோன்றியது. அவரைக் குற்றம் சாட்டப் பயன்படும் ஆதாரங்கள் எல்லாமே அவர் திறந்து வைத்த நோட்டிலிருந்துதான் கிடைக்கின்றன. கவிஞர் ஜேம்ஸ் ரசல் லோவல் 1865இல் எழுதிய கட்டுரையில், அடுத்தவர் நிலத்தில் குடியேறினார், இரவல் கோடரி வாங்கினார், பலகையும் ஆணியும் செங்கல்லும் விளக்கும் அவர் துறந்ததாகச் சொன்ன நாகரிகம் தந்தவைதானே என்று அடுக்கினார். இரவல் கோடரி விஷயம் 'வால்டன்' நூலிலேயே இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியதைவிடக் கூர்மையாகக் கொடுத்தேன் என்ற பெருமையோடு. இப்படி நோட்டைத் திறந்து வைப்பவரை மடக்குவது பெரிய காரியமில்லை. நம்முடைய நோட்டைத் திறப்பதுதான் கஷ்டம்.

அதைச் செய்து பார்த்தோம். யாராவது இப்படிக் குழு நடத்த நினைத்தால் இதை மட்டும் விடாதீர்கள் என்பேன். தோரோ ஒரு பொருளின் விலையை, அதற்காக உடனடியாகவோ காலப்போக்கிலோ நாம் கொடுக்கும் வாழ்நாளின் அளவு என்று வரையறுக்கிறார். அதன்படி ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டோம். முதலாவது, பொருள் அல்லது பழக்கம். இரண்டாவது, அதற்காகப் போகும் நேரம். மூன்றாவது, வேறு யாருடைய உழைப்பு அதில் இருக்கிறது. இந்த மூன்றாவது பத்தி தோரோவிடம் இல்லை. துணி துவைத்த வரியிலிருந்து நாங்கள் சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது பத்தியை எல்லோரும் ஆர்வமாக நிரப்பினார்கள். ஃபிட்ச்பர்க் ஊருக்கு ரயிலில் போவதா நடந்து போவதா என்று தோரோ போடும் கணக்கு இதற்கு நல்ல பயிற்சி. தூரம் 30 மைல், டிக்கெட் 90 சென்ட், அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. நீ டிக்கெட்டுக்குச் சம்பாதித்து முடிப்பதற்குள் நான் நடந்தே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்கிறார். எங்கள் குழுவில் ஒருவர் தன் வாகனத்துக்கு இப்படிக் கணக்குப் போட்டார். தவணை கட்டுவதற்காக ஏற்றுக்கொண்ட கூடுதல் வேலை, பராமரிப்பு, நிறுத்த இடம் தேடும் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், அது மிச்சப்படுத்திய நேரம் கணிசமாகக் கரைந்துவிட்டது. ஆனாலும் அவர் வாகனத்தை விற்கவில்லை. விற்கவேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. கூடுதல் வேலையை மட்டும் விட்டுவிட்டு, தவணையை நீட்டித்துக்கொண்டார். கணக்குப் போடாமல் சபதம் எடுத்தவர்களைவிட இவர் எவ்வளவோ மேல். சபதங்கள் எங்கள் அனுபவத்தில் அடுத்த சந்திப்பு வரைக்கும்கூடத் தாங்கியதில்லை. அதனால் குழுவில் சபதத்துக்குத் தடையே போட்டுவிட்டோம்.

மூன்றாவது பத்திதான் ஆட்களைக் கலக்கியது. ஒருவர் 'காலை நடை, ஒரு மணி நேரம், செலவில்லை' என்று எழுதி மூன்றாவது பத்தியில் ஒரு கோடு கிழித்துவிட்டார். அன்று மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, கோட்டை அடித்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் நடக்கும் வேலைகளை வரிசையாக எழுத ஆரம்பித்தார். பத்தியில் இடம் போதாமல் தாளின் பின்பக்கத்துக்குப் போனார். கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கிறார்கள் என்று கேள்வி.

இந்தப் பத்தியை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திரும்பப் படித்தால் வேறு பக்கங்களும் கண்ணில் படும். 'பலகை' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலானவை, ரயில் பாதையில் வேலைபார்த்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரரின் குடிசையிலிருந்து பிரித்தவை. குடிசையை 4 டாலர் 25 சென்டுக்குப் பேசி முடித்தார் தோரோ. மறுநாள் காலை ஐந்து மணிக்குள் காலி செய்யவேண்டும். ஆறு மணிக்கு அந்தக் குடும்பத்தை வழியில் பார்க்கிறார். ஒரே பெரிய மூட்டையில் அவர்களுடைய சொத்து முழுவதும். பூனை மட்டும் கூட வரவில்லை. அது காட்டுக்குள் ஓடி, பிறகு வேறு பிராணிகளுக்கு வைத்த பொறியில் மிதித்துச் செத்தது என்று கேள்விப்பட்டதாக எழுதுகிறார். பட்டியலில் ஒரே ஒரு எண்ணாக நிற்பது இதுதான். இந்த இடத்தைப் படித்துவிட்டு அவர் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. கல்நெஞ்சக்காரர் பூனைவரைக்கும் எழுதியிருக்கமாட்டார் என்பது என் கட்சி.

எனக்கே கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. 'பேக்கர் பண்ணை' அத்தியாயம். மழைக்கு ஒதுங்கிய குடிசையில் ஜான் ஃபீல்டு என்ற இன்னொரு ஐரிஷ்காரர். சதுப்பு நிலத்தைக் கொத்திப் பண்படுத்த ஏக்கருக்கு 10 டாலர் கூலி. ஒழுகும் கூரை, குழந்தைகள், களைத்த மனைவி. தோரோ அவருக்கு உபதேசம் செய்கிறார்: நான் தேநீர், காபி, வெண்ணெய், பால், இறைச்சி எதுவும் சேர்த்துக்கொள்வதில்லை, ஆகவே அவற்றுக்காக உழைக்கவும் வேண்டாம், நீயும் அப்படி இருந்துபார். குழந்தை குட்டி இல்லாத ஒற்றை ஆள், குடும்பஸ்தனிடம் இதைச் சொல்கிறார். அதைக் கேட்டு ஜான் பெருமூச்சு விடுகிறார். அவருடைய மனைவி இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு முறைக்கிறார். இப்படி வாழத் தொடங்குவதற்கு முதலும், நடத்திக்கொண்டு போவதற்குக் கணக்கறிவும் தங்களிடம் இருக்கிறதா என்று இருவரும் யோசிப்பதாகத் தோன்றியது என்கிறார் தோரோ.

இந்த மாதிரி இடத்தில் கோபத்தை அடக்கிக்கொண்டு மேலே படிப்பது வீண். அதே நேரம், கோபத்தை ஆசிரியர்மேல் ஒரு தீர்ப்பாக எழுதி முடித்துவிட்டாலும் எதுவும் நகராது. நாங்கள் கண்ட வழி, புத்தகத்தில் பேச வாய்ப்புக் கிடைக்காத ஆளின் வாயால் பதில் எழுதுவது. இடுப்பில் கை வைத்த அந்தப் பெண்மணி தோரோவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினால் என்ன எழுதுவார் என்று எல்லோரும் எழுதினோம். சிலர் வசைபாடினார்கள், அது எதிர்பார்த்ததுதான். சிறந்த கடிதத்தில் வசையே இல்லை. நாலே நாலு கேள்விகள்: உங்கள் வீடு இருக்கும் நிலத்துக்கு வாடகை எவ்வளவு? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக்குப் போவீர்கள்? குளிர்காலத்தில் கைக்குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக என்ன கொடுக்கச் சொல்கிறீர்கள்? என் கணவரின் முதலாளியிடம் இதே உபதேசத்தைச் செய்தீர்களா? எழுதியவர், துவைத்த கதைக் கட்சியைச் சேர்ந்த அதே இளைஞர். அன்று முதல் அவர் புத்தகத்தைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டு அதோடு சண்டை போட ஆரம்பித்தார்.

அந்தக் காலத்து வாசகர்களும் நம்மைப்போலத்தான் இருந்திருக்கிறார்கள். கவிஞர் விட்டியர் படிக்க அருமை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மனிதன் வளையில் வாழும் பிராணியாகத் தாழ்ந்தால் அதன் செலவிலேயே வாழலாம் என்பதுதான் இதன் நீதி, நான் இரண்டு காலில் நடக்கவே விரும்புகிறேன் என்றார். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880இல் தோரோவை, வாழ்க்கைக்கு முகம் கொடுக்காமல் பதுங்கியவர் என்ற பொருளில் கடுமையாகச் சாடினார். 1882இல் அதே கட்டுரையை நூலாக வெளியிட்டபோது முன்னுரையில் ஓரளவு இறங்கிவந்தார். ஜார்ஜ் எலியட் 1856இல் பாராட்டி எழுதினார். முதல் பதிப்பு 2000 பிரதிகள் விற்றுத் தீரவே ஏறக்குறைய ஐந்து வருடங்கள் ஆயின. அதற்கு முந்தைய புத்தகம் இன்னும் மோசம். அச்சிட்ட 1000 பிரதிகளில் 706 விற்காமல் தோரோ வீட்டுக்கே திரும்பிவந்தன. என் நூலகத்தில் ஏறக்குறைய 900 புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றில் 700க்கும் மேல் நானே எழுதியவை என்று நாட்குறிப்பில் கேலியாக எழுதிக்கொண்டார்.

இவர்களைவிட எனக்குப் பிடித்தவர்கள், புத்தகத்திலிருந்து கையில் பிடிக்கும்படியான எதையாவது எடுத்துக்கொண்டு மேலே போனவர்கள். நியூ பெட்ஃபோர்டில் இருந்த டேனியல் ரிக்கெட்சன், புத்தகம் வந்த அதே மாதம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவரும் ஒரு சிறு குடிசை போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து எழுதுகிறவர். அந்த டிசம்பரில் தோரோ அவர் வீட்டுக்கு வந்தபோது, ஒரு கையில் பெட்டியும் மறுகையில் குடையுமாக நின்றவரைச் சில்லறைச் சாமான் விற்க வந்தவர் என்று நினைத்துவிட்டார். ஆதர்ச எழுத்தாளரை நேரில் பார்க்கப்போகும் எல்லோருக்கும் இந்தச் சம்பவத்தைச் சிபாரிசு செய்கிறேன். நட்பு கடைசிவரை நீடித்தது.

வால்டன் கரையில் வீடு இருந்த இடத்தில் 1872 முதல் வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 1945இல் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் மண்வெட்டியோடு வந்து தோண்டிப் பார்த்து, புகைபோக்கியின் அஸ்திவாரத்தைக் கண்டுபிடித்தார். கல் போட்டவர்களைக் குறைசொல்லவில்லை. ஆனால் வீடு எங்கே இருந்தது என்பது தோண்டியவரால்தான் தெரிந்தது. தாவரவியலாளர் ரிச்சர்ட் ப்ரைமேக்கும் இந்த ஜாதிதான். 1850களில் கான்கார்டில் எந்தச் செடி எந்தத் தேதியில் முதல் பூ விட்டது என்று தோரோ குறித்துவைத்த பட்டியல்களை எடுத்து, அதே ஊரில் அதே செடிகளை இப்போதைய தேதிகளோடு ஒப்பிட்டார். பல செடிகள் அந்தக் காலத்தைவிட முன்னதாகவே பூக்கின்றன, சராசரியாக ஒரு வார அளவுக்கு. வெப்பம் கூடியதன் விளைவு. வசீகரமான ஒரு வரிகூட இல்லாத, வெறும் தேதிகள் கொண்ட பட்டியல் ஒன்றரை நூற்றாண்டு கழித்து இப்படிப் பயன்பட்டது.

இதைச் சொன்னபிறகு எங்கள் குழுவில் சிலர் தேதி எழுதத் தொடங்கினார்கள். இதில் என் யோசனை ஒன்றே ஒன்று: ஒரே ஒரு உயிரை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் மரம் போதும். முதல் தளிர், முதல் மொட்டு, முதல் பூ, முதல் இலையுதிர்வு. தேதியும் நேரமும் போதும், உணர்ச்சி வேண்டாம். பட்டியலை நீட்டியவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒற்றை மரத்தைப் பிடித்தவர்கள் இன்னும் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர், மரத்தின் தெருவிளக்குப் பக்கக் கிளை மற்ற கிளைகளுக்கு முன்பே தளிர்க்கிறது என்று கவனித்துச் சொன்னார். அது எல்லா வருடமும் அப்படித்தானா என்பதற்கு அவர் இன்னும் விடை சொல்லவில்லை. அவசரப்படாமல் இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

அளந்து பார்க்கும் இந்தக் குணம் புத்தகத்திலேயே இருக்கிறது. வால்டன் குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. 1846ஆம் ஆண்டு குளிர்காலம் முடிவதற்குள், பனி உறைந்திருக்கும்போதே தோரோ மீன்பிடிக் கயிற்றில் ஒன்றரை பவுண்டு எடையுள்ள ஒரு கல்லைக் கட்டி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இறக்கிப் பார்த்தார். மிக ஆழமான இடம் 102 அடி. அளந்ததால் குளத்தின் மர்மம் போய்விட்டதாக அவர் வருந்தவில்லை, இவ்வளவு ஆழமாக இருக்கிறதே என்றுதான் மகிழ்ந்தார். 'குளிர்காலத்தில் குளம்' என்ற அந்த அத்தியாயத்தைத்தான் நாங்கள் கணக்குத் தாளுக்கு அடுத்தபடியாகப் படிக்கிறோம். அதன்பிறகு 'பேக்கர் பண்ணை'. முதல் அத்தியாயத்தின் மீதிப் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் வாசகருக்கு வாதாடும் தெம்பு வந்திருக்கும்.

எழுதுவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தமாதிரி நூல்களைப் படிக்கிறவர்களுக்கு உடனே எழுதவேண்டும் என்ற ஆசை வந்துவிடும். ஊஸ்டர் நகரில் இருந்த ஹாரிசன் பிளேக் என்ற வாசகர் 1848இல் தோரோவுக்கு முதல் கடிதம் எழுதினார். 'வால்டன்' வருவதற்கு ஆறு வருடம் முன்பே. கடிதப் போக்குவரத்து கடைசிவரை தொடர்ந்தது. தோரோவின் கடிதம் வந்தால் பிளேக் நண்பர்களைக் கூட்டி உரக்கப் படித்துக்காட்டுவார். 1857 நவம்பரில் எழுதிய கடிதத்தில், மலை ஏறி வந்திருந்த பிளேக்குக்குத் தோரோ ஒரு வேலை கொடுக்கிறார்: அந்த மலைப் பயணம் உனக்கு என்னவாக இருந்தது என்பதை உனக்கு நீயே எழுதிச் சொல். மறுபடி மறுபடி எழுது, முக்கியமானது எதுவும் விடுபடவில்லை என்று திருப்தி வரும்வரை. கதை நீளமாக இருக்கவேண்டியதில்லை, ஆனால் அதைச் சுருக்க நெடுங்காலம் பிடிக்கும். மலையை நாம் உண்மையில் ஏறுவது வீடு திரும்பியபிறகுதான் என்றும் சொல்கிறார்.

இதை அப்படியே கடைப்பிடிக்கிறோம். வெளியே போய்வந்த அன்று யாரும் வாசிப்பதில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் எழுதியதைக் கொண்டுவர வேண்டும், அதற்கடுத்த மாதம் அதையே பாதியாகக் குறைத்துக் கொண்டுவர வேண்டும். பாதியாகக் குறைக்கும்போது பெரும்பாலும் வானமும் மனஅமைதியும்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. மிஞ்சுவது எறும்புப் புற்று, அறுந்த செருப்பு, வழி கேட்டவரின் குரல். படிக்க நன்றாக இருப்பதும் அதுதான்.

இப்போது 'ஹோஜோகி' எடுத்திருக்கிறோம். ஜப்பானியத் துறவி காமோ நோ சோமெய் 1212இல் எழுதிய சிறிய நூல். தோரோவுக்கு 600 வருடங்களுக்கும் மேல் முன்னால், மலைச்சரிவில் பத்தடிக்குப் பத்தடிக் குடிசை. எளிமையைப் புகழ்ந்து முடிக்கும் தறுவாயில், இந்தக் குடிசைமேல் எனக்கு இருக்கும் பிரியமே ஒரு பற்று அல்லவா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த வாசகராலும் வைக்கமுடியாது என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். கணக்காளர் அம்மா அதற்கு முந்தைய பக்கங்களிலேயே நின்றுவிட்டார். குடிசையைப் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோவதானால் இரண்டு வண்டிச் சுமைதான் வரும், வண்டிக்கூலியைத் தவிர வேறு செலவே கிடையாது என்று சோமெய் எழுதுகிறார்.

"வண்டிக்கூலி என்று ஒரு வரி ஒத்துக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை" என்றார் அந்த அம்மா. "எவ்வளவு என்று எழுதவில்லையே?"